பஸ்ஸிலும் எம்ஆர்டியிலும் போய் நடக்கக்கூடிய மழைக்காட்டுப் பாதைகள் எவை?

வாரவிடுப்பு

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என் கையில் இருக்கும் நாள். கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது.

போன மாதம் ஹார்பர்ஃபிரன்ட்டில் தொடங்கி ஹென்டர்சன் வேவ்ஸ் பாலம் வரை நடந்தேன். அழகான இடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முழு வழியும் கைப்பிடி, படிக்கட்டு, பலகைப் பாலம். காட்டுக்குள் இருக்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. எனக்கு வேர் தடுக்கும் மண் பாதை வேண்டும். ஈர மண் வாசனை வேண்டும். ரயிலிலோ பஸ்ஸிலோ போய் இறங்கி, வாடகைக் கார் பிடிக்காமல் நடக்கத் தொடங்க முடியுமா? நீண்ட வாரயிறுதி கிடைத்தால் மலேசியா பக்கமும் போகத் தயார். சொல்லுங்கள்.

கரிச்சான்

தம்பி, முதலில் புக்கிட் தீமா. பியூட்டி வேர்ல்ட் நிலையத்தில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் காப்புக்காட்டின் வாசல். 2015 டிசம்பரில் அங்கே ரயில் வந்தபோது காடு பாதி மூடிக் கிடந்தது. மண் அரிப்பும் சேதமும் அதிகமாகி 2014 செப்டம்பரிலிருந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2016 அக்டோபரில்தான் முழுசாகத் திறந்தார்கள். அதனால் 'ரயிலில் போகிற காடு' என்பது நமக்கே புதுசுதான்.

உச்சி 163 மீட்டர். சிரிக்காதீர்கள், சிங்கப்பூரின் மிக உயரமான குன்று அதுதான். வாசலிலிருந்து ஒரு தார்ச்சாலை நேராக உச்சிக்கு ஏறும். பாதிப் பேர் அதிலேயே போய், மேலே இருக்கும் பாறையோடு படம் எடுத்துக்கொண்டு, அதிலேயே இறங்கிவிடுவார்கள். முட்டிக்கும் கேடு, காட்டையும் பார்த்த மாதிரி இருக்காது. பக்கவாட்டில் பிரியும் மண் பாதைகளில் ஏறுங்கள்.

அதைவிட முக்கியம், வந்த வழியே திரும்பாதீர்கள். உச்சியிலிருந்து வடக்கே டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்கு இறங்கி ஹில்வியூ நிலையத்தில் ரயில் ஏறுங்கள். கார் வைத்திருப்பவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே வந்து சேர வேண்டும். அவர் நடப்பதெல்லாம் வட்டம்தான். நமக்கு அந்தக் கட்டு கிடையாது. ஒரு வாசலில் நுழைந்து வேறொரு வாசலில் வெளியேறலாம். இருபது வருடமாக இப்படித்தான் நடக்கிறேன். கார் இல்லை என்று நான் வருத்தப்பட்டதெல்லாம் கடைக்குப் போகும்போது மட்டும்தான்.

டெய்ரி ஃபார்ம் பக்கம் வாலஸ் பெயரில் ஒரு பாதை இருக்கிறது. இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854இல் புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரோடு தங்கி வண்டு பிடித்தார். இரண்டு மாதத்துக்குள் சுமார் 700 வகை. அப்போது அங்கே புலி உண்டு. புலியைப் பிடிக்க வெட்டி, இலை தழை போட்டு மூடி வைத்திருந்த குழிகளில் விழப் போய்ப் பல தடவை தப்பியதாக எழுதியிருக்கிறார்.

காட்டுவாசி

மன்னிக்கவும், இதையெல்லாம் மழைக்காடு என்று சொல்லி ஒரு புதியவரை ஏமாற்ற வேண்டாம். நெடுஞ்சாலை இரைச்சல் கேட்காத இடம் அங்கே எங்கே இருக்கிறது? மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்கா 4,343 சதுர கிலோமீட்டர். யானையும் புலியும் தாப்பிரும் இருக்கிற காடு. ஒரு ராத்திரி அங்கே தங்கிவிட்டு வந்து புக்கிட் தீமாவைப் பாருங்கள், வீட்டுத் தோட்டம் மாதிரி இருக்கும்.

பழைய சப்பாத்து

காட்டுவாசி சொல்வதில் ஒரு பாதி சரி. இரைச்சல் உண்மை. எண்பதுகளில் புக்கிட் தீமா விரைவுச்சாலை போட்டபோது அந்தக் காட்டைப் பக்கத்து நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து வெட்டிப் பிரித்துவிட்டார்கள். 2013இல் சாலைக்கு மேலே மரம் நட்டு ஒரு பாலம் கட்டினார்கள். அது மிருகங்களுக்கு மட்டும், நாம் ஏற முடியாது. எறும்புத்தின்னி அதில் கடந்து போயிருக்கிறது. எனக்கு அனுமதி இல்லாத பாலத்தில் அதற்கு அனுமதி. நியாயம்தான்.

மற்றப் பாதி தவறு. புக்கிட் தீமா காப்புக்காடு 160 ஹெக்டேர் சொச்சம்தான். ஆனால் அதற்குள் கோடாலி படாத முதுகாடு இன்னும் மிச்சம் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் முதல் கிளைக்கே கழுத்து வலிக்கும் சேராயா மரங்கள். அவற்றின் காய்க்கு இறக்கை உண்டு, விழும்போது பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு இறங்கும். அந்த மரங்கள் வருடாவருடம் காய்ப்பதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை, பேசி வைத்துக்கொண்டது போல் காட்டில் பல மரங்கள் சேர்ந்து பூக்கும். விதை தின்னும் பன்றியும் பூச்சியும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே நேரத்தில் கொட்டினால்தானே சிலதாவது முளைக்கும்? பரப்பளவை வைத்துக் காட்டை அளக்கிறவர்கள் இந்த வித்தையைத் தவறவிடுகிறார்கள்.

ஈரக்குடை

மெக்ரிட்சியை யாரும் சொல்லவில்லையே? 1868இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். அதற்குத் தண்ணீர் வர வேண்டும் என்றுதான் சுற்றியிருந்த காட்டை விட்டு வைத்தார்கள். தாகம் காப்பாற்றிய காடு அது.

கரிச்சான் அண்ணன் சொன்ன ஒரு வழிக் கணக்கு இங்கேயும் பொருந்தும். கால்டிகாட் அல்லது மேரிமவுண்ட் நிலையத்திலிருந்து நடந்து பூங்காவுக்குள் போங்கள், நீர்க்கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம், அப்புறம் காட்டுப் பாதை, மர உச்சித் தொங்குபாலம், கடைசியில் வின்ட்சர் இயற்கைப் பூங்கா வழியாக அப்பர் தாம்சன் சாலை. அங்கே 2021இல் ரயில் நிலையமும் வந்துவிட்டது. முழு வட்டம் அடித்தால் 10, 11 கிலோமீட்டர் ஆகும். இந்த வழியில் அதைவிடக் குறைவு.

பாலம் 250 மீட்டர் நீளம், உயரமான இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். இரண்டு குன்றுகளை இணைக்கிறது. ஒரு வழிதான், பாதியில் பயம் வந்தாலும் திரும்ப முடியாது. திங்கட்கிழமை மூடியிருக்கும், பொது விடுமுறையானால் மட்டும் விலக்கு. மாலை மூடும் நேரத்தைக் கணக்குப் போட்டு நடங்கள். நான் முதல் தடவை போனபோது மூடின கதவைத்தான் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் நடந்துபோய்ப் பார்த்த கதவு அது.

குரங்கு பற்றி ஒரு வார்த்தை. நீள்வால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு என்றால் சாப்பாடு என்று பழகிப்போயிருக்கிறது. பையில் வெறும் குடை இருந்தாலும் பறித்துவிடும். எதையும் கையில் தொங்கவிடாதீர்கள், எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது மிரட்டல். உணவு போடுவது சட்டப்படிக் குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

வாரவிடுப்பு

இவ்வளவு விவரமா! நன்றி. சின்னச் சின்ன சந்தேகங்கள். எத்தனை மணிக்குத் தொடங்குவது? என்ன காலணி? சேற்றோடு ரயிலில் ஏறினால் திட்டுவார்களா? அட்டை கடிக்குமா? (ஞாயிறு பத்து மணி வரை தூங்குகிற ஆள் நான்.)

கரிச்சான்

பத்து மணி வரை தூங்கினால் மழையில்தான் நடப்பீர்கள்.

இங்கே மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலை வெயிலில் தரை சூடாகும், ஈரக்காற்று மேலே எழும், மதியத்துக்குமேல் இடியோடு கொட்டும். வருடத்தில் பல மாதங்கள் இந்தக் கதைதான். ஏழரைக்குள் காட்டுக்குள் இருந்தால் பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடலாம். இரண்டு விலக்குகள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சில நாட்களில் சுமத்ராப் பக்கமிருந்து ஒரு புயல்வரிசை விடியலுக்கு முன்னாலோ காலையிலோ வந்து அடிக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் பேய்க்காற்று. முந்தின இரவு வானிலைப் படத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் விடாமல் பெய்யும். அப்போது காலையாவது மாலையாவது, எல்லாம் ஒன்றுதான்.

நனைவது பிரச்சினையே இல்லை. எப்படியும் வியர்வையில் நனைவீர்கள். காட்டுக்குள் காற்று அவ்வளவு ஈரமாக இருப்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. நிழலில்தானே நடக்கிறோம் என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். அரை நாளுக்கு இரண்டு லிட்டர், கொஞ்சம் உப்பு உள்ள தின்பண்டம். பயப்பட வேண்டியது இடிக்கும், சாய்கிற மரத்துக்கும்தான். பெருமழைக்கு மறுநாள் மண் இளகி மரம் சாயும். எண்பது வயது மரத்துக்கும் ஆணிவேர் ஆழமாகப் போயிருக்காது, மேல்மண்ணில் பரந்துதான் நிற்கும். பலகை மாதிரி வேர் விரித்திருப்பது அதற்காகத்தான். இடிச்சத்தம் கேட்டால் தொங்குபாலமும் குன்றின் உச்சியும் வேண்டாம்.

பழைய சப்பாத்து

காலணி கேட்டீர்களே. என் பெயரைப் பாருங்கள். புதுசு வாங்காதீர்கள், அடிப்பாகம் தேயாத பழைய ஓட்டக் காலணி போதும். மலையேற்றக் காலணியில் தண்ணீர் போனால் வெளியே வராது, கால் ஊறிக் கொப்புளம் போடும்.

ரயிலுக்கு என் முறை இது. பையில் ஒரு மாற்றுச் சட்டை, ஒரு ரப்பர்ச் செருப்பு, சேற்றுக் காலணியைக் கட்ட ஒரு பை. காட்டு வாசலில் கழிப்பறை இருக்கும், அங்கேயே மாற்றிக்கொள்வேன். திட்டுவார்களோ என்பதைவிட, நனைந்த முதுகோடு குளிரூட்டப்பட்ட ரயிலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அப்போது புரியும். ஒரு தடவை ஒரு பாட்டி தன் பக்கத்து இருக்கையைத் துடைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான்தான் நின்றுகொண்டேன்.

ஈரக்குடை

அட்டை இங்கே அநேகமாகத் தொல்லை தராது, எனக்கு இதுவரை ஒன்றும் ஏறியதில்லை. கொசுதான் தொல்லை. பாதையை விட்டு விலகாதீர்கள். விலகக் கூடாது என்பது விதி, ஆனால் விதிக்காக மட்டும் சொல்லவில்லை. பிரம்புக் கொடியின் நுனியில் தூண்டில் மாதிரி முள் இருக்கும். சட்டையைப் பிடித்தால் முன்னே இழுக்காமல் ஓர் அடி பின்னால் வந்து விடுவிக்க வேண்டும். பள்ளியில் அந்தப் பிரம்பிடம் வாங்கியது போதாதா! ரெங்காஸ் என்று ஒரு மரம் உண்டு, அதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளம் வரும். தெரியாத மரத்தில் கை ஊன்றி ஏறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

தனியாகப் போகும் பெண்கள் யாராவது படித்தால்: ஞாயிறு காலை இந்த இரண்டு இடத்திலும் ஆள் நடமாட்டம் நிறைய. நான் தனியாகத்தான் போகிறேன். மாலை ஆறரைக்கு மேல் மட்டும் உள்ளே இருக்க மாட்டேன். வெளியே ஏழு மணிவரை வெளிச்சம் இருந்தாலும் இலைக்கூரைக்குக் கீழே அதற்கு முன்பே இருட்டிவிடும். இந்த நாட்டில் அந்தி என்பது விளக்கை அணைக்கிற மாதிரிதான்.

பினாங்குக்காரி

மலேசியாவைப் பற்றி நான் சொல்கிறேன், ஆனால் காட்டுவாசி விரும்புகிற மாதிரி இருக்காது.

பினாங்குத் தேசியப் பூங்காவுக்கு நகரப் பஸ்ஸிலேயே போகலாம். ஜார்ஜ்டவுனில் 101ஆம் எண்ணில் ஏறினால் கடற்கரையை ஒட்டியே போய்த் தெலுக் பகாங்கில் இறக்கிவிடும். அங்கிருந்து நடந்தால் பூங்கா வாசல். அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு உள்ளே போக வேண்டும். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கடலை ஒட்டிக் குரங்குக் கடற்கரை, அதைத் தாண்டி 1883இல் கட்டிய மூக்கா முனைக் கலங்கரை விளக்கம். இன்னொன்று குன்றைக் கடந்து கெராச்சுட் கடற்கரை. எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஒன்றரை மணி நேரம் காட்டில் ஏறி இறங்கினால் ஆமை முட்டையிடும் மணல் திட்டும், அதன் பின்னால் ஒரு குளமும். மழைக்காலத்தில் அந்தக் குளத்தில் மேலே நல்ல தண்ணீர், கீழே கடல் தண்ணீர், இரண்டும் கலக்காமல் நிற்கும். காய்ந்த மாதத்தில் போனால் வெறும் சேறு. படத்தில் பார்த்துவிட்டுப் போய்ச் சண்டை போடாதீர்கள்.

என் கதை ஒன்று. அலுப்பில், 'திரும்பும்போது படகில் வந்துவிடலாம்' என்று முடிவு செய்து மணலில் படுத்துவிட்டேன். நாலு மணிக்குக் கடல் புரண்டது. படகு வராது என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர்ப் போத்தல் காலி, கைவிளக்கு இல்லை, கைப்பேசியில் 11 சதவீதம். ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்தபோது காவலர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் ஒருத்தி பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அப்போதிருந்து, திரும்பி நடக்கத் தெம்பு இருக்கும்போதே திரும்பிவிடுவேன். படகு கிடைத்தால் அது லாபம்.

கோலாலம்பூரில் நேரம் குறைவாக இருந்தால் புக்கிட் நானாஸ். மோனோரயிலில் அதே பெயரில் நிலையம். 1906இல் காப்புக்காடாக அறிவித்தது. இப்போது மிஞ்சியிருப்பது 10 ஹெக்டேருக்கும் குறைவு, தலைமேல் கேஎல் கோபுரம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனாலும் நகர நடுவில் அந்த மரங்களைப் பார்க்கும்போது மனசு என்னமோ செய்யும்.

காட்டுவாசி

10 ஹெக்டேர்! இன்னும் கொஞ்சம் போனால் தொட்டிச்செடியைச் சொல்வீர்கள்.

பினாங்குக்காரி

அண்ணே, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஈயம் தோண்டிப் பாழாக்கிய தரிசு நிலம். 1920களில் தொடங்கிக் கையால் நட்டு வளர்த்த காடு. இன்றைக்குள்ள கபூர் மரங்களுக்குக் கீழே நின்று பாருங்கள். ஒன்றின் கிளை இன்னொன்றின் கிளையைத் தொடாது. நடுவில் வானம் ஓடை ஓடையாகத் தெரியும். 2025இல் அதை உலகப் பாரம்பரிய இடமாக யுனெஸ்கோ சேர்த்தது. அத்தனையும் மனிதன் நட்டது. அது காடா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். கெப்போங் வரை கொமுட்டர் ரயில் போகும். கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் வாடகை வண்டி வேண்டும், அதனால் இந்த இழையின் விதிப்படி அரை மதிப்பெண்தான்.

காட்டுவாசி

கபூர் மரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சரி, அதை விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் தாமான் நெகாராவுக்கும் பொதுப் போக்குவரத்தில் போகலாம் என்பதை யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். கிழக்குக் கரை ரயில் பாதையில் ஜெராண்டுட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ் அல்லது வேன் பிடித்துக் குவாலா தகான். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஊர், அந்தக் கரையில் காடு. சின்னப் படகில் ஐந்து நிமிடம். நேரம் இருந்தால் குவாலா தெம்பெலிங்கிலிருந்து ஆற்று வழியே படகில் போங்கள், மூன்று மணி நேரம் ஆகும், அதுவே பாதிப் பயணம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியாது, குறைந்தது மூன்று நாள்.

அங்கே அட்டை உண்டு, அதுவும் மழைக்குப் பிறகு தாராளமாக. நெருப்பு வைப்பது, உப்புப் போடுவது எல்லாம் வேண்டாம். நகத்தை அதன் வாய்ப்பக்கம் வைத்துத் தள்ளிவிட்டால் கழன்றுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும். அதனால் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட வேண்டாம். முழங்கால் வரை வரும் துணிக் காலுறை ஒன்றைக் காலணிக்குள் போட்டுக்கொண்டால் அதற்கு வழி கிடைக்காது.

வாரவிடுப்பு

போய் வந்தேன்!

ஆறு மணிக்கு எழுந்தேன் என்று சொன்னால் என் அறைத் தோழர்களே நம்பவில்லை. பியூட்டி வேர்ல்டில் இறங்கும்போது ஏழே முக்கால். தார்ச்சாலையில் ஏறக் கூடாது என்று சொன்னீர்கள். முதல் மண் பாதை மரம் விழுந்து மூடியிருந்தது, நாடா கட்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கொஞ்ச தூரம் தார்ச்சாலையிலேயே மூச்சு வாங்கினேன். 163 மீட்டர் என்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உச்சியில் நிறையக் கூட்டம். வடக்கே இறங்கத் தொடங்கிய பத்து நிமிடத்தில் யாருமே இல்லை. ஒரு மரத்தில் பட்டையோடு பட்டையாக ஏதோ ஒட்டியிருந்தது. கிழிந்த துணி என்று நினைத்தேன். அப்புறம் அது கண்ணைத் திறந்தது. பறக்கும் லீமர் என்று அந்த வழியே வந்த ஒரு பெரியவர் சொன்னார். லீமரும் இல்லையாம், பறக்கவும் செய்யாதாம், தோலை விரித்து ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குச் சறுக்கிக்கொண்டு போகுமாம். பெயரில் இரண்டு பொய். அரை மணி நேரம் கீழே நின்றேன், அது அசையவே இல்லை.

டெய்ரி ஃபார்மில் இறங்கும்போது வழி தவறி ஒரே சந்திப்புக்கு இரண்டு தடவை வந்தேன். ஹில்வியூவில் ரயில் ஏறியபோது பதினொன்றே கால். பன்னிரண்டரைக்கு வீட்டில் துணி காயப்போடும்போது மழை. கரிச்சான் அண்ணனுக்கு ஒரு கும்பிடு.

அடுத்த ஞாயிறு மெக்ரிட்சி. காலை ஏழரைக்குக் கால்டிகாட் நிலையம். யாராவது வருகிறீர்களா?

ஈரக்குடை

வருகிறேன். பாலம் திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். இந்தத் தடவை திறந்த கதவைப் பார்க்க வேண்டும்.

பழைய சப்பாத்து

முட்டி சம்மதித்தால் நானும். வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய்விடுங்கள், எனக்காக நிற்க வேண்டாம்.

காட்டுவாசி

கால்டிகாட்டில் எந்த வெளிவாசல்?